ரெண்டு கோட்டு மஞ்சள்

அந்த வாளியைக் காலுக்கு நடுவுல வெச்சுக்குங்க தம்பி, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். பரவால்ல, பரவால்ல, வேட்டியில பட்டாப் படட்டும். பெயிண்ட்டு எனக்கொண்ணும் புதுசு இல்லீங்க. பிரஷ்ஷைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு நீங்க பெயிண்டருன்னு. வேலை எங்க, எடப்பாடியிலயா? வீடா, கடையா? சரி சரி. நான் கொங்கணாபுரத்துல எறங்கிக்குவேன். அது வரைக்கும் ஒரு மணி நேரம் இருக்குது. தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன்.

என் பேரு அர்த்தநாரிங்க. டோசர் அர்த்தநாரின்னு சொன்னாத் திருச்செங்கோட்டைச் சுத்திப் பத்து ஊருக்குத் தெரியும். காடு திருத்தறது, மேடு வெட்டிப் பள்ளத்துல நெரவறது, ஏரிக்கரை கட்டறது, எல்லாத்துக்கும் நம்ம வண்டிதான். செயின் டோசருங்க. ஏதோ அணைக்கட்டு வேலைக்குன்னு வாங்கின வண்டியாம், ஏலத்துல எடுத்தேன். எங்க கல்யாணத்தை விட மூணு வருஷம் மூத்தது. இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் வெச்சது, ஒரு தும்மல் போட்டா நின்னுக்கும். நம்முது இரும்புங்க. அடிச்சா நம்ம கைதான் வலிக்கும்.

அந்த வண்டிதான் இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. சாவியைத் திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கறதில்ல. வர்ற திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் லாரியோட வர்றான், வெட்டி எடைக்குக் கொண்டு போறதுக்கு. அவனை வரச் சொன்னது நான் இல்லீங்க, எங்கூட்டுக்காரி பாவாயி. வண்டி அவ பேர்ல இருக்குது. ஏலத்துல எடுத்தப்ப ஜோசியக்காரன் என் ராசிக்கு இரும்பு ஆகாதுன்னுட்டான், சரி போகுதுன்னு அவ பேர்ல எழுதினேன். அது இப்ப என் தலையிலயே வந்து விடிஞ்சுது. திங்கக்கிழமை காலையில வையாபுரி வந்து நின்னா வண்டி இருக்கும், இல்லாட்டி இரும்புக்காரன் கொண்டு போவான், வையாபுரியை நீங்களே நேர்ல போய்க் கூட்டிட்டு வரோணும், போன்லயெல்லாம் பேசப்படாதுன்னுட்டா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அதான் இந்த பஸ்ஸு.

வையாபுரி யாருன்னா, எங்கிட்ட இருபத்திரண்டு வருஷம் ஆபரேட்டரா இருந்தவன். நான்தான் அனுப்பிட்டேன். அனுப்பிட்டேன்னா, சரி, அவனாத்தான் போனான். நான் நாலு வார்த்தை சொன்னேன், அவன் போயிட்டான். போன மாசி மாசத்துல. நடந்ததைச் சொல்றேன், யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க பெயிண்டரு, உங்களுக்கு நல்லாப் புரியும்.

போன வருஷம் ஆயுத பூசை. எப்பவும் வையாபுரி வண்டியைத் தண்ணி ஊத்திக் கழுவி, டீசல்ல தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூசணிக்காய் ஒடச்சு முடிச்சுருவான். எனக்கு அது பத்தல. பக்கத்து ஊர்ல ஒருத்தன் புது வண்டி எறக்கியிருக்கான், பளபளன்னு நிக்குது. நம்ம வண்டி துருப்புடிச்சுப்போய், பாக்கறவன் மொகம் சுளிக்கற மாதிரி இருக்குது. சரி, இந்தத் தடவை முழுசாப் பெயிண்ட்டு அடிச்சுருவோம்னு நானே எறங்கினேன். ஆளை விட்டா ஏனோதானோன்னு அடிச்சுட்டுப் போயிருவாங்க. உங்களைச் சொல்லலீங்க.

கோழிக்குஞ்சு இருக்குதில்லீங்க, பொறிச்ச அன்னைக்கு இருக்கற மஞ்சள், அந்த மஞ்சள்ல எனாமல். அடியில பிரைமர் ஒரு கோட்டு, மேல ரெண்டு கோட்டு. நவராத்திரி ஒம்போது நாளும் எனக்கு அதே வேலை. ஒரு விரல் அளவு எடம் விடலீங்க. போல்ட்டு, நட்டு, செயின் கட்டை, டீசல் மூடி, ஹாரன் பட்டன். கிரீஸ் வெக்கற ஓட்டையைக் கூட விடல. வையாபுரி அப்பறம் கோணி ஊசியை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஓட்டையா நோண்டிட்டு உக்காந்திருந்தான். வண்டி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டற மீட்டரு, அதோட கண்ணாடி மேலயும் ஒரு கோட்டு பட்டுருச்சு. அது மட்டும் தெரியாம நடந்தது.

பேட்டரிப் பெட்டிக்குக் கீழ ஒரு கருப்பு வயரு வரும், தடியா. அதைக் கொண்டு போய் வண்டிச் சட்டத்துல போல்ட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. எர்த்து வயருன்னு பேரு. அந்த எடத்துல ஒரே துரு. அப்படியே மேல அடிச்சா உள்ள துரு இருக்குமில்லீங்களா? அதனால வயரைக் கழட்டி, எடத்தைத் தொடச்சு, பிரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட்டு அடிச்சு, வெயில்ல காய வெச்சு, வயரோட மொனைக்கும் ஒரு கோட்டு குடுத்து, அப்பறம் மறுபடி முறுக்கினேன். எவன் இவ்வளவு பொறுமையாச் செய்வான், சொல்லுங்க.

அப்ப வந்து நின்னான் வையாபுரி. அண்ணா, அந்த எடம் மட்டும் வேண்டாங்ணா, இரும்பும் இரும்பும் ஒட்டணும், நடுவுல பெயிண்ட்டு இருந்தாக் கரண்ட்டு போவாதுங்ணான்னான். நான் அவனை உக்கார வெச்சு வெவரமாச் சொன்னேன். ஏன்டா, கரண்ட்டு வர்றது செவப்பு வயர்ல. பேட்டரியில இருந்து செவப்புல வந்து, செல்ஃப் மோட்டாரைச் சுத்தி விட்டுட்டு, வேலை முடிஞ்சு கருப்புல திரும்பிப் போகுது. வேலை முடிச்சுட்டுப் போறவன் எப்படிப் போனா நமக்கென்ன? அவனுக்கு எதுக்கு நல்ல ரோடு? அப்படீன்னேன். சரியாத்தானுங்க சொன்னேன்? அதுக்கு அவன், "திரும்பிப் போறதுக்கு வழி இல்லீன்னா கரண்ட்டு வரவே வராதுங்ணா"ன்னான். எட்டாவது தாண்டாதவன். நான் எஸ்எஸ்எல்சிங்க.

ஆயுத பூசை அன்னைக்கு வண்டியைப் பாத்திருக்கோணும் நீங்க. கல்யாணம் ஆன புதுப் பையன் ஒருத்தன் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து வண்டி முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனான். ஊரே பேசுச்சு.

அதுக்கப்பறம் தை மாசம் வரைக்கும் வண்டி நல்லா ஓடுச்சுங்க. இதை நீங்க கவனிக்கோணும். பெயிண்ட்டுலதான் கோளாறுன்னா மறுநாளே நின்னிருக்கோணுமில்ல? தை பொறந்ததும்தான் மொதல்ல ரெண்டு தடவை சாவியைத் திருப்ப வேண்டியதாச்சு, அப்பறம் மூணு, அப்பறம் அஞ்சு. வையாபுரி ஒரு நா லைட்டைப் போட்டுட்டு செல்ஃபைத் தட்டினான். லைட்டு பொசுக்குன்னு அணைஞ்சுது. கையை விட்டதும் மறுபடி எரிஞ்சுது. பேட்டரியைச் சோதிச்சான், நல்லா இருக்குதுன்னான். அப்பறம் வயரு வயராத் தொட்டுக்கிட்டே வந்தவன் அந்த எர்த்து போல்ட்டைத் தொட்டதும் கையை ஒதறினான். சுடுதுங்ணா, இத்தனை நாள் போல்ட்டு மரை வழியா ஒப்பேத்திட்டுப் போச்சு, இப்ப கரண்ட்டு போக எடம் இல்லாம இங்கதான் முட்டிட்டு நிக்குது, ஒரு நிமிசம் குடுங்க, சுரண்டிவிடறேன்னு உப்புத்தாளை எடுத்துட்டு வந்தான். நான் விடலீங்க. ஒம்போது நாள் வேலை. வெயில்ல நிக்கற இரும்பு சுடாம என்ன பண்ணும்?

மாசி மாசம் நல்லியப்பன்னு ஒருத்தரோட காடு, எட்டு ஏக்கரா, மேடு வெட்டற வேலை வந்துச்சு. பெரிய எடம். அவங்க சொந்தக்காரங்க, பக்கத்துக் காட்டுக்காரங்கன்னு நாப்பது பேரு வந்துட்டாங்க, வேலை ஆரம்பிக்கறதைப் பாக்கறதுக்கு. ஐயரு வந்தாச்சு. தேங்காய் ஒடச்சாச்சு. செயினுக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. வையாபுரி மேல ஏறி உக்காந்து சாமி கும்புட்டுச் சாவியைத் திருப்பினான்.

டக்.

மறுபடி டக். பழம் அப்படியே கெடக்குது. பின்னால யாரோ ஒருத்தன், வண்டிக்கு மஞ்சத் தண்ணி ஊத்திட்டாங்க, கல்யாணப் பொண்ணு வெக்கப்படுதுன்னான். நாப்பது பேரும் சிரிச்சாங்க. அந்த நேரத்துல இவன் என்ன பண்ணியிருக்கோணும்? வாயை மூடிட்டு இருந்திருக்கோணும். மேல இருந்து எறங்கி வந்து, அத்தனை பேரு முன்னால, அண்ணா, இப்பவாவது அந்தப் பெயிண்ட்டைச் சுரண்ட விடுங்ணா, அஞ்சு நிமிச வேலைதான்னான். அதைக் கேட்டு நல்லியப்பன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வையை இன்னமும் என்னால மறக்க முடியல.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "நீதான்டா எதையோ புடுங்கி வெச்சிருக்கே. புது வண்டிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"னு கேட்டுட்டேன்.

கேட்டுட்டேன். என்ன பண்றது, வாயில வந்துருச்சு. கோவத்துல மனுசன் சொல்றதுதானுங்க? அவன் என்னைத் திருப்பித் திட்டியிருந்தாத் தேவலை. சாவியை எடுத்து வண்டி மூஞ்சி மேல வெச்சான். தூக்குப்போசி கீழ இருந்துச்சு, அதை எடுத்துக்கிட்டான். வரப்பு மேல நடந்து போனான். சோறு கூடத் தின்னிருக்க மாட்டான், போசியில அப்படியேதான் இருந்திருக்கும். அவன் கோவம் பாருங்க, எவ்வளவு பெரிய கோவம்னு. நாலு வார்த்தைக்கு இப்படியா?

சரி, போனாப் போறான். எனக்குத் தெரியாத வேலையா? மொதல்ல ரெண்டு பேட்டரியையும் மாத்தினேன். புதுசு. மாட்டினதும் ஒரே தட்டுல எடுத்துச்சுங்க. பாத்தியான்னு பாவாயிகிட்டச் சொன்னேன். மூணு நாள். நாலாவது நாள் டக். சரி, செல்ஃப் மோட்டாருன்னு கழட்டி சங்ககிரிக்குக் கொண்டு போய்க் காயில் கட்டிட்டு வந்தேன். மாட்டினோம், ஒரு வாரம் எடுத்துச்சு. அப்பறம் டக். காயில் கட்டினவன் மோட்டாரைத் தனியா வெச்சுப் பாத்துட்டு, இது காத்தாடி மாதிரி சுத்துது, கோளாறு இங்க இல்லீங்க, எர்த்தைப் பாருங்கன்னான். வையாபுரி அவன்கிட்டயும் போய்ச் சொல்லி வெச்சிருப்பான்போல. சாவி போடற சுவிட்சை மாத்தினேன். செவப்பு வயரு மொத்தமும் மாத்தினேன், கட்டை விரல் தடிமனுக்கு. கருப்பைத் தொடல. கருப்புல என்னங்க இருக்குது?

ஜோசியக்காரன்கிட்டப் போனேன். வண்டி தெக்கப் பாத்து நிக்குது, வடக்கப் பாத்து நிறுத்துங்கன்னான். பதினாலு டன்னு வண்டி, ஸ்டார்ட் ஆகாத வண்டி, அதை எப்படித் திருப்பறது? ரெண்டு டிராக்டரைக் கட்டி இழுத்தோம். டோசர் அசையல. டிராக்டரு ரெண்டும் முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டுக் குதிரை மாதிரி நின்னுச்சு. போட்டோ எடுக்க வந்தானே கல்யாணப் பையன், அவன் மறுபடி வந்தான், இந்தத் தடவை வீடியோ எடுக்க. நல்லியப்பன் புது வண்டிக்காரனை வெச்சு வேலையை முடிச்சுக்கிட்டாரு.

சித்திரை மாசம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கறேன், வாசல்ல பேச்சுச் சத்தம். ஜன்னல்ல பாத்தா வையாபுரி. பாவாயி எனக்குத் தெரியாம அவனைக் கூப்பிட்டிருக்கறா. அவன் என்னையக் கேக்கவும் இல்ல, ஊட்டுப் பக்கம் பாக்கவும் இல்ல. நேரா வண்டிகிட்டப் போனான். தடியா ஒரு வயரை எடுத்து, ஒரு மொனையைப் பேட்டரியில அந்தக் கருப்புப் பக்கம் வெச்சான், இன்னொரு மொனையை என்ஜின்ல ஒரு போல்ட்டு மேல அழுத்திப் புடிச்சுக்கிட்டு, அக்கா, சாவியைத் திருப்புங்கன்னான். பாவாயி மேல ஏறித் திருப்பினா. இருவத்தஞ்சு வருஷத்துல அந்த வண்டி மேல அவ ஏறினது அன்னைக்குத்தான். வண்டி எடுத்துச்சுங்க. ஒரே தட்டுல. ஊடே அதிர்ந்துச்சு.

அப்பறம் வண்டியை நிறுத்திட்டு, அந்தக் கருப்பு வயரைக் கழட்டினான். உப்புத்தாளை வெச்சு, சட்டத்துல ஒரு ரூவாக் காசு அளவுக்கு, என் மஞ்சளைச் சுரண்டினான். வயரு மொனையையும் சுரண்டினான். வெள்ளை வெளேர்னு இரும்பு தெரிஞ்சுது. திரும்ப முறுக்கிட்டான். அஞ்சு நிமிசம்னானே, அதுவும் ஆகல.

நான் வெளிய போகோணும்னுதான் நெனச்சேன். சட்டையைத் தேடினேன், சட்டை கெடச்சுது, துண்டு கெடைக்கல. துண்டு இல்லாம எப்படிப் போறது? துண்டைக் கண்டுபுடிச்சுட்டு வாசலுக்கு வந்தா அவன் போயிட்டான். பாவாயி டீ வெச்சிருக்கறா, குடிக்கல. அந்த எடத்தை அப்படியே விட்டுறச் சொல்லுங்கக்கா, துருப் புடிக்காம மேல கிரீஸை மட்டும் தடவச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனானாம். செஞ்ச வேலைக்கும் ஒண்ணும் வாங்கல. டீ டம்ளரு அங்கயே இருந்துச்சு, ஆடை படிஞ்சு. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. அவன் சக்கரை கம்மியாக் குடிப்பான். அதே மாதிரிதான் போட்டிருந்தா.

வண்டி ஓடுச்சான்னா, ஓடுச்சு. கோடை முழுக்க ஓடுச்சு, ஒரு டக் இல்ல. காயில் கட்டினதுதான் கடைசியில செட்டாகிக் குடுத்திருக்குன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்குக் கொஞ்ச நாள் புடிக்கும்ங்க.

புது ஆபரேட்டர் ஒருத்தனைப் போட்டேன். நல்ல பையன், ஆனா நான் எதைச் சொன்னாலும் சரிங்க. வடக்க இருந்து வெட்டுன்னாலும் சரிங்க, தெக்க இருந்து வெட்டுன்னாலும் சரிங்க. மழை வராதுடான்னாச் சரிங்க, வரும்டான்னாலும் சரிங்க. வையாபுரியா இருந்தா, ஒரு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால என்கிட்ட அரை மணி நேரமாவது சண்டை போட்டுருவான். அங்க பாறை இருக்குதுங்ணா, இங்க தண்ணி நிக்கும்ங்ணான்னு. அந்தச் சண்டை இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குதுங்க. மத்தியானம் வண்டி நெழல்ல உக்காந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். அவன் போசியில இருந்து கொள்ளுத் துவையலை எனக்குத் தள்ளுவான். இப்ப நான் தனியா உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சு வந்தர்றேன். இதையெல்லாம் பாவாயிகிட்டச் சொல்ல முடியுமா? உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால சொல்றேன்.

அப்பறம் இந்த ஆயுத பூசை வந்துச்சு. வண்டியைக் கழுவித் தொடச்சுப் பாக்கறேன், எல்லா எடமும் மஞ்சளா ஜொலிக்குது, அந்த ஒரு எடம் மட்டும் வெள்ளையா, கிரீஸ் அப்பிக்கிட்டு. நல்ல சேலையில ஓட்டை விழுந்த மாதிரி. நீங்க பெயிண்டரு, நீங்க விட்டிருப்பீங்களா? என் கண்ணையே உறுத்துச்சு. வண்டியைப் பாக்கறப்பெல்லாம் அதுதான் மொதல்ல தெரியுது. அவன் சுரண்டினது, நான் அவனைச் சொன்னது, அவன் டீ குடிக்காமப் போனது, எல்லாம் அந்த எடத்துல வந்து நிக்குது. சரின்னு வயரைக் கழட்டி, கிரீஸைத் தொடச்சு, பிரைமர் ஒரு கோட்டு, மேல ரெண்டு கோட்டு, காய வெச்சு முறுக்கிட்டேன். பக்கத்துல நின்ன புதுப் பையன்கிட்ட, எப்படிடா இருக்குதுன்னேன். சரிங்கன்னான்.

பூசை முடிஞ்சு ரெண்டாவது வாரம் டக்.

இப்ப ஊரெல்லாம் மழை வர்ற நேரம். ஏரிக்கரை வேலை ஒண்ணு கையில இருக்குது. வண்டி நிக்குது. பாவாயிகிட்ட, பாத்தியா, உன் வையாபுரி செஞ்ச வேலை ஆறு மாசந்தான் தாங்குச்சுன்னேன். அவ எந்திரிச்சுப் போய் அந்த எடத்தைக் குனிஞ்சு பாத்தா. வந்து இரும்புக்காரனுக்குப் போன் பண்ணிட்டா. அதுக்கப்பறந்தான் இந்த திங்கக்கிழமைக் கணக்கு. நானும் ஒத்துக்கிட்டேன். அவனையே கூப்பிட்டு, நீ செஞ்ச வேலையைப் பாருடா, வந்து ஒழுங்காச் செஞ்சு குடுன்னு கேக்கோணுமில்ல? கெளம்பறப்பப் பாவாயி ஒண்ணு சொன்னா. "நான் உங்களை வண்டிக்காக அனுப்பல"ன்னா. வண்டிக்கு இல்லாம வேற எதுக்குங்க? அவ பேசறது சில நேரம் எனக்குப் புரியறதில்ல.

பழம் வாங்கிட்டுப் போங்கன்னும் சொன்னா. மாட்டேன்னுட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல நான் அவன் ஊட்டுக்குப் போனதே இல்ல, இப்ப அவன் மக ஊட்ல இருக்கறானாம், ஆடு மேய்ச்சுக்கிட்டு. அங்க போய்ப் பழப் பையோட நின்னா என்ன அர்த்தம்? நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்னு ஆயிரும். மன்னிக்கப் போறது நான். வெறுங்கையைத்தான் வீசிட்டுப் போவேன்.

என்னங்க தம்பி?

என்ன கேட்டீங்க? மறுபடி சொல்லுங்க, பஸ்ஸு சத்தத்துல சரியாக் கேக்கல.

ஆமா. கழட்டித்தான் அடிச்சேன். அடியிலயும்தான். மொனைக்கும்தான்.

இல்லீங்க, நீங்க சொல்றது வேற. நீங்க வீட்டுக்குப் பெயிண்ட்டு அடிக்கறவரு. சுவிட்சுப் பெட்டிக்குள்ள பெயிண்ட்டு போனா லைட்டு எரியாதுங்கறது கட்டடத்துல. அது வேற கரண்ட்டு. இது பேட்டரி. ஆறு மாசம் ஓடுச்சேன்னா, ஓடுச்சு, அது சுரண்டி இருந்தப்ப ஓடுச்சு, அடிச்சதும் நின்னுச்சு. அதுக்கென்ன? அதுக்கும் இதுக்கும்...

இருங்க. அவன் மக ஊட்டு அட்ரஸ்ஸை ஒரு சீட்டுல எழுதிப் பையில வெச்சிருக்கறேன்னா பாவாயி. எடுத்து வெச்சுக்கறேன், ஊரு வந்துரும். ஒரு சட்டை. துண்டு. அந்தத் துண்டேதான், பாருங்க, மறக்காம வெச்சிருக்கறா. சீட்டு இதோ இருக்குது. இது என்ன, சீட்டை எதுலயோ சுத்தி...

உப்புத்தாளு.

புதுசு. மடிப்புக் கூடக் கலையல. இதை எதுக்கு வெச்சா இவ? வயசாகுதில்லீங்க, கைக்கு வந்ததைப் பையில போட்டர்றா. எனக்கு எதுக்குங்க இது? இந்தாங்க, நீங்க வெச்சுக்குங்க. உங்களுக்குக் கதவு ஜன்னல் தேய்க்க ஆகும். வெச்சுக்குங்க, நமக்குள்ள என்ன.

அவன் எதுக்கால வந்தா என்ன சொல்லோணும்னு நேத்தே யோசிச்சு வெச்சுட்டேன். டேய் வையாபுரி, நடந்தது நடந்துபோச்சு, நான் எதையும் மனசுல வெச்சுக்கல, உன்னை மன்னிச்சுட்டேன், திங்கக்கிழமை வந்துரு. இவ்வளவுதான். நல்லா இருக்குதில்ல? அவன் என்ன சொல்லுவான்? சரிங்ணான்னு சொல்லுவான். இல்ல. அவன் எங்க சரின்னு சொல்லியிருக்கறான்? எர்த்துல மறுபடி பெயிண்ட்டு அடிச்சீங்களாங்ணான்னு கேப்பான். அதைத்தான் மொதல்ல கேப்பான். என் மொகத்தைப் பாத்ததும் கேப்பான். அப்ப நான்...

என்னங்க, பெட்ரோல் பங்க்கு தாண்டிருச்சா? அப்ப இதுதான் ஸ்டாப்பு. கண்டக்டர், ஆளு எறங்கோணும், கொஞ்சம் நில்லுங்க. வாளியை நகத்துங்க தம்பி, தாண்டிக்கறேன். பெயிண்ட்டு படல, படல. வர்றேனுங்க.

தம்பி. அந்தத் தாளை இப்படிக் குடுங்க.

இல்லீங்க, அதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல. மொதத் தடவையா ஒருத்தன் ஊட்டுக்குப் போறேன். வெறுங்கையோட போனா நல்லா இருக்காதுங்க.